ஜெயிலுக்குப் போன ஜனாதிபதிகள்: தென் கொரியாவின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசும்போது கேட்டான்: "டீச்சர், எங்க மேனேஜர் ஊர்ல ஜனாதிபதியா ஆனா கடைசியில ஜெயிலுக்குத்தான் போகணுமாமே, நிஜமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பாதி நிஜம்தான் என்றேன். மீதியைப் போனில் சொல்ல முடியாது, எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். அதுதான் இது.

முதலில் இரண்டு விஷயம். அங்கே ஜனாதிபதி என்றால் நம் குடியரசுத் தலைவர் மாதிரி இல்லை. நேரடியாக மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், நிஜமாகவே ஆட்சி நடத்தும் ஆள். பிரதமரையே அவர்தான் நியமிப்பார். இரண்டாவது, பெயர். நம் இனிஷியல் போல அங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும். கிம், லீ, பார்க், ரோ என்று திரும்பத் திரும்ப வந்தால் எல்லோரும் அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு இடத்தில்தான் அப்பா-மகள் உறவு. அது வரும்போது சொல்கிறேன்.

1948இல் குடியரசு அமைந்தது. முதல் ஜனாதிபதி சிங்மன் ரீ. அவருக்குப் பதவியை விட மனமில்லை. 1954இல் பதவிக்கால வரம்பை நீக்கச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். மொத்த உறுப்பினர்கள் 203. மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்: 135.33. அப்படியானால் 136 ஓட்டு வேண்டும். கிடைத்தது 135. இரண்டு நாள் கழித்து, "அரைக்குக் கீழே உள்ள பின்னத்தைத் தள்ளிவிடலாம், 135 போதும்" என்று சொல்லித் திருத்தம் நிறைவேறியதாக அறிவித்துவிட்டார்கள்! அஞ்சாம் வகுப்பில் முழுமையாக்கல் பாடம் நடத்தும்போது இந்தக் கதை தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1960இல் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ரீ ஹவாய்க்குப் போய்விட்டார். அடுத்த வருஷமே ராணுவப் புரட்சி செய்து பார்க் சுங்-ஹீ வந்தார். பதினெட்டு வருஷம் இருந்தார். தொழிற்சாலைகள் வளர்ந்தன, நெடுஞ்சாலைகள் வந்தன, வாயைத் திறந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1979 அக்டோபர் 26 அன்று, அவருடைய உளவுத்துறைத் தலைவரே இரவு விருந்தில் அவரைச் சுட்டுக் கொன்றார். அந்தக் குழப்பத்தில் டிசம்பரில் ராணுவத்தைக் கைப்பற்றியவர் சுன் டூ-ஹுவான். அவருக்குத் தோள் கொடுத்த நண்பர், இன்னொரு தளபதி, ரோ டே-வூ.

இனி குவாங்ஜு. இந்த ஊர்ப் பெயரை நினைவில் வையுங்கள். நாட்டின் தென்மேற்கில் இருக்கிறது. 1980 மே மாதம் சுன் ராணுவச் சட்டத்தை நாடு முழுவதும் விரித்தார். நாடாளுமன்றத்தை மூடினார். எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங்கைக் கைது செய்தார். மே 18 அன்று குவாங்ஜுவில் மாணவர்கள் எதிர்த்தார்கள். பாராசூட் படையை அனுப்பித் தடியாலும் துப்பாக்கிமுனைக் கத்தியாலும் அடித்தார்கள், பிறகு சுட்டார்கள். ஊரே எழுந்தது. ராணுவம் நகரை விட்டுப் பின்வாங்கியது. சில நாட்கள் அந்த ஊரை அந்த ஊர் மக்களே பார்த்துக்கொண்டார்கள். சந்தைப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்துப் போராடுகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி வாசலில் மக்கள் கூடினார்கள். 27ஆம் தேதி விடியற்காலை டாங்கிகளோடு ராணுவம் திரும்பி வந்தது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் ஏறக்குறைய இருநூறு பேர். அதைவிட அதிகம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

ஏழு வருஷம் சுன் ஆண்டார். 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சுல் என்ற பல்கலைக்கழக மாணவனைப் போலீஸ் விசாரணைக்கு இழுத்துப் போய்த் தண்ணீரில் முக்கிச் சித்திரவதை செய்ததில் அவன் இறந்துபோனான். மேஜையைத் தட்டினோம், பயந்து செத்துவிட்டான் என்றது போலீஸ். யார் நம்புவார்கள்? ஜூனில் லீ ஹான்-யோல் என்ற இன்னொரு மாணவன் தலையில் கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு விழுந்தான். அந்த மாதம் ஆபீஸ் போகிறவர்களும் டை கட்டியபடியே தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் சியோலில் ஒலிம்பிக்ஸ். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஜூன் 29 அன்று ரோ டே-வூ, "நேரடித் தேர்தல் நடத்துகிறோம்" என்று அறிவித்தார்.

அக்டோபரில் மக்கள் ஓட்டுப் போட்டுப் புதிய அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றார்கள். ஜனாதிபதிக்கு ஒரே ஒரு முறை, ஐந்து வருஷம். நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தனியாக ஓர் அரசியலமைப்பு நீதிமன்றம். பதவிக்காலத்தை நீட்டும் திருத்தம் வந்தாலும் அப்போது பதவியில் இருப்பவருக்கு அது பொருந்தாது. சூடுபட்டவர்கள் எழுதிய சட்டம் என்று படிக்கும்போதே தெரிகிறது. இன்றுவரை அதில் ஒரு திருத்தம்கூடச் செய்யப்படவில்லை.

ஆனால் அந்த டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர் யார் தெரியுமா? அதே ரோ டே-வூ! 36.6 சதவீதம்தான் வாங்கினார். ஜனநாயகத்துக்காக உயிரைக் கொடுத்துப் போராடிய கிம் யங்-சாம், கிம் டே-ஜுங் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் தனித்தனியாக நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள். இருவரும் வாங்கியதைக் கூட்டினால் 55 சதவீதம் வரும். எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டு பேர் மேலும் இதில் கோபம் உண்டு.

ரோ தளபதியாக இருந்தவர் என்றாலும், ஐந்து வருஷம் முடிந்ததும் இறங்கினார். அது சின்ன விஷயம் இல்லை. 1993இல் வந்த கிம் யங்-சாம், 1990இலேயே ரோவின் கட்சியோடு இணைந்து அந்த வழியாக ஜனாதிபதி ஆனவர். புலியைப் பிடிக்கப் புலிக்குகைக்குள் போனேன் என்பது அவர் விளக்கம். பிடிக்கவும் செய்தார். ராணுவத்துக்குள் சுன் கட்டி வைத்திருந்த ரகசியக் கோஷ்டியைச் சில மாதங்களில் கலைத்தார். வங்கிக் கணக்கெல்லாம் உண்மைப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று ஒரே இரவில் உத்தரவு போட்டார். 1995இல் சுன், ரோ இருவரும் கைதானார்கள். 1996 ஆகஸ்டில் இரண்டு முன்னாள் ஜனாதிபதிகளும் கைதி உடையில், சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நீதிபதி முன்னால் நின்ற படம் உலகம் முழுக்க வந்தது. சுன்னுக்கு மரண தண்டனை, ரோவுக்கு இருபத்திரண்டரை வருஷம். மேல்முறையீட்டில் அது ஆயுளாகவும் பதினேழு வருஷமாகவும் குறைந்தது.

1997 டிசம்பரில் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். பொதுமன்னிப்பு. மன்னித்தவர் கிம் யங்-சாம். அதற்கு ஒப்புக்கொண்டவர் அப்போதுதான் தேர்தலில் ஜெயித்திருந்த கிம் டே-ஜுங். சுன்னின் ராணுவ நீதிமன்றம் 1980இல் மரண தண்டனை விதித்த அதே கிம் டே-ஜுங்!

அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1973இல் டோக்கியோ ஹோட்டலிலிருந்து கொரிய உளவுத்துறை கடத்திப் போன மனிதர். பதவிக்கு வந்தபோது நாடு திவால் நிலையில், ஐ.எம்.எஃப். கடனில் இருந்தது. மக்கள் தாலி மாதிரிப் போற்றும் கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் வரிசையில் நின்று கொடுத்தார்கள். இருநூறு டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது. கடனைக் கெடுவுக்கு மூன்று வருஷம் முன்பே, 2001இல் அடைத்தார்கள். 2000இல் வட கொரியாவுக்குப் போய்ப் பேசினார். அந்த வருஷ அமைதி நோபல் அவருக்கு. அவர் ஆட்சியிலேயே அவருடைய இரண்டு மகன்கள் லஞ்ச வழக்கில் கைதானார்கள். கிம் யங்-சாமின் மகனும் அப்படித்தான், அப்பா பதவியில் இருக்கும்போதே உள்ளே போனார். நாற்பது வருஷம் போராடியவர்கள் வீட்டுக்குள் இதைத் தடுக்க முடியவில்லையே என்று நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்து ரோ மூ-ஹியுன். ஏழை விவசாயி மகன். வணிக உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. தானே படித்து வக்கீல் தேர்வில் தேறினார். 2004இல் நாடாளுமன்றம் பதவி நீக்கத் தீர்மானம் போட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பதவி முடிந்ததும் சொந்த கிராமத்துக்கே போய் நெல் வயல், சைக்கிள் என்று இருந்தார். பிறகு லஞ்ச விசாரணை. குடும்பத்தினர் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. தினமும் விசாரணைச் செய்தி பத்திரிகையில் கசிந்தபடி இருந்தது. 2009 மே 23 காலை, வீட்டுக்குப் பின்னால் இருந்த மலைப்பாறையிலிருந்து குதித்து உயிரை விட்டார். அவர் மேல் தவறு இருந்ததா இல்லையா என்பது எந்த நீதிமன்றத்திலும் முடிவாகவில்லை. அதோடு வழக்கு முடிந்துபோனது. ஜெயில் ஜோக் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எது நீதி, எது பழிவாங்கல் என்ற கேள்வி அன்றிலிருந்து அந்த நாட்டில் தீரவே இல்லை.

லீ மியுங்-பாக், ஹூண்டாய் கட்டுமானக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். 2008 முதல் 2013 வரை ஆட்சி, 2018இல் கைது, பதினேழு வருஷத் தண்டனை, 2022இல் மன்னிப்பு. அவருக்கு இவ்வளவு போதும்.

பார்க் குன்-ஹே, நான் சொன்ன அந்த மகள். பார்க் சுங்-ஹீயின் பெண். அம்மாவையும் துப்பாக்கிக்குக் கொடுத்தவர், அப்பாவையும் கொடுத்தவர். முதல் பெண் ஜனாதிபதி. 2014 ஏப்ரலில் சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். அறையிலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டு இருந்த பிள்ளைகள். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போன எந்த ஆசிரியராலும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தூங்கியிருக்க முடியாது. அந்த நாள் ஜனாதிபதி பல மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். 2016இல் அவருடைய தோழி அரசு விவகாரங்களில் தலையிட்டுக் கம்பெனிகளிடம் பணம் கறந்தது வெளிவந்தது. குளிரில் வாராவாரம் லட்சக்கணக்கானவர்கள் மெழுகுவத்தியோடு நின்றார்கள். 2017 மார்ச் 10 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரை நீக்கினார்கள். இருபது வருஷத் தண்டனை. 2021 டிசம்பரில் அவரையும் மன்னித்தார்கள். மன்னித்தவர் மூன் ஜே-இன், இறந்துபோன ரோ மூ-ஹியுனின் நெருங்கிய நண்பர். மூன் மேலும் 2025இல் லஞ்சக் குற்றச்சாட்டு பதிவாகியிருக்கிறது.

பார்க் மீதான விசாரணையில் முக்கிய வழக்கறிஞராக இருந்து பெயர் வாங்கியவர் யூன் சுக்-யோல். 2022இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜனாதிபதி ஆனார். 2024 டிசம்பர் 3, இரவு பத்தரை மணி. நமக்கு ஏழு மணி. டி.வி.யில் தோன்றி ராணுவச் சட்டம் என்று அறிவித்தார். நாற்பத்து நான்கு வருஷம் கழித்து, அதே வார்த்தை. ஹெலிகாப்டரில் ராணுவம் நாடாளுமன்றத்தில் இறங்கியது. ஊழியர்கள் மேஜை நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள், தீயணைப்பானைப் பீய்ச்சினார்கள். வெளியே பொதுமக்கள் ராணுவ வண்டிக்கு முன்னால் நின்றார்கள். அவர்களில் தலை நரைத்தவர்கள் நிறையப் பேர். குவாங்ஜுவை நேரில் அறிந்த வயது அது. அறுபத்தேழு வயது சபாநாயகர் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார். (எனக்கு இப்போது மாடிப்படி ஏறவே மூட்டு வலிக்கிறது!)

ஏன் அப்படி ஓடினார்கள்? அரசியலமைப்புச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கேட்டால் ராணுவச் சட்டத்தை ஜனாதிபதி விலக்கியே ஆக வேண்டும். இப்படி ஒரு வரி பழைய சட்டங்களிலும் இருந்தது. ஆனால் 1980இல் கதவையே பூட்டிவிட்டதால் அது காகிதத்தில் கிடந்தது. இந்த முறை 300 பேரில் 190 பேர் உள்ளே போய்விட்டார்கள். இரவு ஒரு மணிக்கு 190 ஓட்டும் எதிர்த்து விழுந்தது. நாம் ராத்திரிச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவுவதற்குள் விஷயம் முடிந்தது. ஏப்ரல் 4 அன்று மறுபடியும் எட்டு நீதிபதிகள், ஒருமனதாக, யூனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சுன் மீது வந்த அதே உள்நாட்டுக் கலகக் குற்றச்சாட்டு அவர் மீதும் வந்தது.

இப்போது அந்த மாணவன் கேட்டதற்கு வருகிறேன். ஜனாதிபதிகள் சிறைக்குப் போவது எனக்கு வெட்கமாகத் தெரியவில்லை. எனக்கு உறுத்துவது அவர்கள் திரும்பி வருவதுதான். தேச ஒற்றுமை என்று சொல்லி ஒவ்வொருவரையும் மன்னித்தார்கள். சுன் 2021 நவம்பரில், தொண்ணூறு வயதில், தன் வீட்டிலேயே இறந்தார். குவாங்ஜுவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கட்ட வேண்டிய அபராதத்துக்குக் கையில் 2,90,000 வோன்தான் இருக்கிறது என்றார். நம் பணத்தில் சில ஆயிரம் ரூபாய்! மன்னிப்புக் கேட்காதவரை மன்னித்தது, அடுத்து வருகிறவனுக்கு என்ன பாடம் சொல்லியிருக்கும்? யூனுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது எனக்கு 1997 டிசம்பர்தான் ஞாபகம் வருகிறது. கிம் டே-ஜுங் பெருந்தன்மையானவர்தான். ஆனால் அந்த மன்னிப்பைக் கொடுக்க உரிமை உள்ளவர்கள் குவாங்ஜுவின் தாய்மார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

2023 மார்ச்சில் சுன்னின் பேரன் குவாங்ஜுவுக்குப் போனான். என் தாத்தா செய்தது படுகொலை என்று சொல்லி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் முன் மண்டியிட்டான். தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கல்லறைகளைத் துடைத்தான். அந்தப் பாட்டிகள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இப்போதைய ஜனாதிபதி லீ ஜே-மியுங். சிறுவனாகத் தொழிற்சாலையில் வேலை செய்து இயந்திரத்தில் கை நசுங்கியவர். அந்த டிசம்பர் இரவில் செல்போனில் நேரலை செய்தபடி நாடாளுமன்றச் சுவர் ஏறியவர். 2025 ஜூனில் ஜெயித்தார். அவர் மேலும் பழைய வழக்குகள் உண்டு. பதவியில் இருக்கிறார் என்பதால் விசாரணை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய ஐந்து வருஷம் 2030இல் முடியும்.

கொரியாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், அங்கே போய்வந்த சொந்தக்காரர்கள் யாராவது குவாங்ஜு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தால், பார்த்ததை எழுதுங்கள். போட்டோ இருந்தால் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்