தனக்கென்று ஒரு பாரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு எனக்குக் கர்ப்பப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றார் மருத்துவர். மூன்று மாதம் முடிந்தது. பயம் முடியவில்லை. "வெயிட் தூக்காதே" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஆனால் நான் தூக்கிய தண்ணீர்க் குடத்தையோ மளிகைப் பையையோ யாரும் வெயிட்டாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாற்பத்தாறு வயதில் கல்லூரியின் இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. மருத்துவரிடம் மறுபடி கேட்டுக்கொண்டு, வீட்டிலேயே தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைத் தொடங்கினேன். ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. முதல் நாள் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தபோது அம்மா சிரித்தாள்.

"ஆச்சி என்ன எக்ஸர்சைஸ் செஞ்சா? உரல்ல குத்துனா, ஆட்டுரல்ல ஆட்டுனா. நீயும் கிரைண்டர நிறுத்திட்டு ஆட்டு, உடம்பு தானா வரும்."

இதே கேள்வி வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறையாவது வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் நான் வரலாற்றைத் தேடிப் போனேன்.

நம் ஊர்ப் பயில்வான்கள் சுழற்றிய கர்லாக்கட்டையை இங்கே வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1830களில் டொனால்ட் வாக்கர் என்பவர் அதை ஆண்களுக்கான உடற்பயிற்சி நூலில் சேர்த்தார். அடுத்துச் சீமாட்டிகளுக்கென்று தனியாக ஒரு நூல் எழுதினார். அதில் கர்லாக்கட்டை இலேசாகி, 'இந்தியச் செங்கோல்' என்று பெயர் மாறியிருந்தது. பெண்ணுக்கு வலிமை நோக்கமில்லை, நிமிர்ந்த நடையும் நளினமும்தான் நோக்கம். அதே காலத்தில், அதே நாட்டில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் பெண்கள் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு கரி வண்டிகளைத் தவழ்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1842இல் சட்டம் வந்துதான் அது நின்றது. பாரம் தாங்க முடியாதவள் என்று சொல்லப்பட்டவளும் பெண்தான், பாரம் இழுத்தவளும் பெண்தான். எந்த வீட்டுப் பெண் என்பதுதான் வேறு.

நூறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஆபி ஸ்டாக்டன் (1917-2006) என்ற பெண் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தார். உட்கார்ந்தே செய்யும் வேலையில் எடை கூடியது. பின்னாளில் கணவரான லெஸ், அவருக்கு ஒரு ஜோடி டம்பெல் கொண்டுவந்து கொடுத்தார். தயங்கித் தயங்கித்தான் ஆபி அதை எடுத்தார். பிறகு கீழே வைக்கவில்லை. சான்டா மோனிகா கடற்கரையில் லெஸ்ஸைத் தன் கைகளின் மேல் தலைகீழாக நிற்கவைத்துத் தாங்கினார். 1944 முதல் ஓர் உடற்பயிற்சி இதழில் பெண்களுக்காகப் பத்தி எழுதினார். பாரம் தூக்கினால் பெண் ஆணாகிவிடுவாள் என்ற பேச்சுக்கு அவர் எழுத்தும் உடம்பும் பதிலாக இருந்தன. 1947இல் லாஸ் ஏஞ்சலீஸில் பெண்களுக்கான முதல் அங்கீகரிக்கப்பட்ட பளுதூக்கும் போட்டி நடக்கவும் அவரே காரணம். ஆனால் மறு வருடம் அவர் பெண்களுக்கென்று திறந்த பயிற்சிக்கூடத்தின் பெயரில் 'வலிமை' இல்லை, 'உருவ வளர்ச்சி' என்றுதான் இருந்தது. அழகு என்ற உறைக்குள் வைத்துத்தான் வலிமையை விற்க முடிந்திருக்கிறது.

ஆண்களின் பளுதூக்குதல் 1896இல், முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு அந்த மேடை கிடைத்தது 2000இல், சிட்னியில். இடையில் 104 ஆண்டுகள். அந்த முதல் வாய்ப்பிலேயே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

இனி ஆச்சிக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தின் வள்ளைப்பாட்டை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடத்துகிறேன். அதில் பெண்கள் கரும்பை உலக்கையாக்கி முத்துக் குத்துகிறார்கள், மூவேந்தரைப் புகழ்ந்து பாடுகிறார்கள். தோள் வலித்ததாக யாரும் பாடவில்லை. என் ஆச்சி குத்தியது நெல். அறுபது வயதில் அவள் முதுகு கூனிவிட்டது. உலக்கை அவளுக்கு வலுத் தந்திருந்தால் அந்த முதுகு ஏன் வளைந்தது?

இதற்கு விடை இரண்டாம் உலகப் போர்க்கால மருத்துவமனையில் கிடைத்தது. காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1945இல் எழுதி வெளியிட்டார். எத்தனை முறை தூக்குவது, எப்போது கூட்டுவது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. இன்றைய பயிற்சிகளுக்கெல்லாம் அடிப்படை அதுதான். தூக்கும்போது மட்டும் தசை வளர்வதில்லை. தூக்கிய பிறகு கிடைக்கும் ஓய்விலும் உணவிலும்தான் வளர்கிறது. ஆச்சிக்குப் பாரம் இருந்தது, ஓய்வு இல்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டாள். எவ்வளவு குத்துவது என்பதை வீட்டில் இருந்த வயிறுகள் முடிவுசெய்தன, அவள் தோள் முடிவுசெய்யவில்லை. வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் இன்றும் பெண்கள் இப்படித்தான் சுமக்கிறார்கள். அதை உடற்பயிற்சி என்று புகழ்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே நான் தேர்ந்துகொண்டது இவ்வளவுதான். வாரம் இரண்டு நாள், இடையில் ஓய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையும் குறைந்தது இரண்டு நாள் என்றே சொல்கிறது. அரிசிப் பையோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை ஊன்றித் தண்டால். முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து, தரையிலுள்ள பையைத் தூக்கி நிமிர்வது. அதேபோல் குனிந்து நின்று, புத்தகப் பையை இடுப்புவரை இழுப்பது. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. மூச்சை அடக்கக் கூடாது. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் சுலபமானால் ஒரு கிலோ அரிசி கூடும். அடிவயிறு கனத்தாலோ வலித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பேன். அன்று ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ எனக்கென்று முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இதைப் பழகத்தான் அதிக நாள் ஆனது.

எட்டு மாதமாகிறது. பழைய ரவிக்கைகள் இன்னும் சேரவில்லை. பை பன்னிரண்டு கிலோ ஆகியிருக்கிறது. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஆச்சியின் முதுகைப் பற்றிச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான் பயிற்சி செய்த நேரத்தில் தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். எழுபது வயது. கைப்பிடியைத் தொடாமல் ஐந்து முறை எழுந்தாள். பிறகு அரிசிப் பையைக் கேட்டாள். அடுத்த வாரம் தருகிறேன் என்றேன்.