கணக்கேட்டில் இறைப் பராமரிப்பு: ஹாலே முதல் டோனாவூர் வரை

அன்றாடச் சோற்றிலும் மருந்துச் செலவிலும் கடவுளின் பராமரிப்பு உண்டு என்ற நம்பிக்கை திருச்சபையில் தொடக்கம் முதலே இருந்துவருகிறது. கடவுள் நடத்திய விதத்தை நாட்குறிப்பில் எழுதிவைக்கும் பழக்கம் இங்கிலாந்தின் பியூரிட்டன்களிடமும் இருந்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் வரவுகளையே இறைப் பராமரிப்புக்குச் சான்றாக அச்சிட்டு உலகுக்குக் காட்டும் வழக்கம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வேரூன்றியது. பராமரிப்புக் கோட்பாட்டின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுவே என்பது என் கருத்து.

இறையியலாளர்கள் இதற்கான அடித்தளத்தை முன்பே போட்டிருந்தார்கள். கடவுள் உலகை ஆளும்போது படைப்புகளையும் காரணங்களாக்கிச் செயல்படுகிறார் என்றார் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். சீர்திருத்தவாதி கால்வின் தம் இறையியல் நூலின் 1539ஆம் ஆண்டுப் பதிப்பில் முன்குறித்தலோடு சேர்த்து எழுதிய பராமரிப்பை, 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரித்தெடுத்துப் படைப்பைப் பற்றிய பகுதியில் வைத்தார். 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் வினாவிடை மழையையும் வறட்சியையும், நலத்தையும் நோயையும் தந்தையின் கையிலிருந்து வருபவையாகச் சாதாரண விசுவாசிக்குக் கற்பித்தது.

ஹாலேயை அடுத்த கிளவ்காவில் போதகராக இருந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. 1695இல் அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் 4 தாலர் 16 குரோஷன் விழுந்திருந்தது. அதில் 2 தாலருக்குப் புத்தகம் வாங்கி, ஏழை மாணவர் ஒருவரை ஆசிரியராக அமர்த்திப் பள்ளி தொடங்கினார். பிள்ளைகளுக்குக் கொடுத்த 27 புத்தகங்களில் திரும்பி வந்தவை நான்கே. மனம் தளராமல் மேலும் வாங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கையில் காசில்லாத வேளைகளில் உதவி வந்து சேர்ந்த நிகழ்வுகளைத் தொகுத்து, கடவுளின் அடிச்சுவடுகள் என்று பொருள்படும் தலைப்பில் 1701இல் நூலாக வெளியிட்டார். ஆனால் அதே இல்லத்துக்கு மருந்தகமும் அச்சகமும் புத்தகக் கடையும் இருந்தன. ஆட்சியாளர் தந்த சலுகைகளும் உண்டு. சாட்சி சொல்வோர் பெரும்பாலும் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஹாலேயோடு தொடர்புடைய மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அவருக்குத் தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயிலிருந்தே வந்தன. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹாலேயில் படித்த ஜார்ஜ் முல்லர், ஃபிராங்கே கட்டிய இல்லத்திலேயே சில காலம் தங்கியவர். 1835இல் ஃபிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். மறு ஆண்டே பிரிஸ்டலில் அநாதை இல்லம் திறந்தார். மனிதரிடம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்பது அவர் விதி. 1870க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. வந்த காணிக்கைகளை ஆண்டறிக்கையில் அச்சிட்டு வந்தார். கேட்காதவரின் அறிக்கையே வேண்டுகோளாகவும் வேலை செய்தது என்பதை ஆய்வாளர் மறைக்க வேண்டியதில்லை. அது அவர் நேர்மையைக் குறைத்துவிடாது.

அதே வழியில் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் மிஷனரி எமி கார்மைக்கேல் 1901 முதல் பெண் குழந்தைகளைக் காத்து வளர்த்தார்; அவரும் பணம் கேட்டு வேண்டுகோள் விடுக்கவில்லை.

இந்தக் கணக்கேடுகளில் வந்தவை மட்டுமே பதிவாயின. 1755இல் புனிதர் அனைவர் திருநாளன்று லிஸ்பன் நிலநடுக்கத்தில் ஆலயங்களுக்குள் மாண்டவர்களுக்கு இத்தகைய ஏடுகளில் ஒரு வரிகூட இல்லை. உதவி வராதவர்களின் விசுவாசத்தையும், ஹாலே மருந்தகத்தில் உழைத்தவர்களின் கைகளையும் சேர்த்து எழுதாதவரை, தமிழ்த் திருச்சபையின் பராமரிப்பு வரலாறு பாதி வரலாறாகவே இருக்கும்.