காரத்தை பீர் அணைக்குமா? சைட் டிஷ்ஷுக்குப் பின்னால் ஒரு கணக்கு

சில்லி சிக்கன் ஒரு துண்டு, உடனே ஜில்லுன்னு ஒரு வாய் பீர். காரம் அடங்கிடும்னு பலர் நம்புகிறார்கள். உண்மை என்ன?

காரம் ஏன் எரிகிறது?

மிளகாயில் உள்ள கேப்சைசின், வாயில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. சுமார் 42 டிகிரி செல்சியஸில் விழிக்கும் ஏற்பி இது. மிளகாய் பட்டால், சூடே இல்லாமல் 'சுடுது' என்று மூளைக்குத் தகவல் போகும்.

மது என்ன செய்யும்?

இதே ஏற்பி விழிக்கும் அளவை ஆல்கஹால் சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுவதாக 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் உடல் வெப்பமே 37 டிகிரி! அதனால்தான் விஸ்கியை 'ரா'வாகக் குடித்தால் தொண்டை எரிகிறது; காரத்தோடு சேர்ந்தால் இன்னும் அதிகம்.

பீர், ஒயின்?

பீரில் பெரும்பகுதி தண்ணீர். கேப்சைசின் அதில் எளிதில் கரையாது. குளிர்ச்சி சில நொடிதான். ரெட் ஒயினின் துவர்ப்பு காரத்தைக் கூட்டும். ஆல்கஹால் குறைந்த, இனிப்பான ஒயிட் ஒயின் பரவாயில்லை.

ஆபத்து எங்கே?

எரிச்சலை அணைக்க மடக் மடக்குனு குடிப்பதில்தான். 8% ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8% விஸ்கியில் 30 மில்லி பெக் போட்டால், இது நாலு பெக்!

அப்போ எது அணைக்கும்?

பால், தயிர், லஸ்ஸி. பாலில் உள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்து விலக்கிவிடும்.

மதுவில் பாதுகாப்பான அளவு என எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.