முடியாததை எண்ணாமல் முடிந்ததை எண்ணுவோம்



வருஷப்பிறப்பு அண்டைக்கு மருத்துநீர் வைத்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, கைவிசேஷம் வாங்கப் பிள்ளைகள் வரிசையாய் நிற்பார்கள். சில வீடுகளில் ஒரு பிள்ளை மட்டும் அந்த வரிசையில் நிற்பதில்லை. "அவனுக்குச் சுகமில்லை, உள்ளுக்குப் படுத்திருக்கிறான்" என்று தாய் சொல்லுவா. வந்தவர்களும் மேலே ஒன்றும் கேட்பதில்லை. ஊரில் இருந்த இந்தப் பழக்கம் கப்பலேறியும் விமானமேறியும் எங்களோடேயே வந்துவிட்டது.

ஆனால் கதவைச் சாத்தியது நாங்கள் மட்டுமல்ல. இந்த நாடும் சாத்தியது. அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதை நாங்கள் அறிந்திருப்பது நல்லது.

நார்த்மீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வரலாறு தூரத்தில் இல்லை. வடக்குப் பரமட்டாவில் ஆற்றங்கரையில் நிற்கும் பழைய கல்கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். 1821இல் பெண் கைதிகளின் தொழிற்சாலையாகத் தொடங்கிய அந்த வளவு, 1840களின் கடைசியில் மனநோயாளர் காப்பகமாக மாறியது. ரைடல்மியரில் 1813இல் அத்திவாரமிட்ட பெண் அநாதைகள் பாடசாலை 1888இல் மனநோய் மருத்துவமனையானது. இன்று அது எங்கள் பிள்ளைகள் பலர் படிக்கும் மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தின் வளாகம். நியூகாசில் போகும் வழியில் ஹோக்ஸ்பரி ஆற்றில் தெரியும் பீட் தீவிலும் 1911 முதல் 2010 வரை இப்படியொரு விடுதி இருந்தது.

மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. முன்னையது எந்த வயதிலும் வரலாம், வைத்தியம் உண்டு. பின்னையது சிறுவயதிலேயே தொடங்குவது. அந்தப் பிள்ளை மெதுவாகப் படிக்கும், ஆனால் படிக்கும். அந்தக் காலத்தில் இந்த வித்தியாசத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை. இரண்டு பகுதியினரையும் ஒரே மதிலுக்குள் வைத்தார்கள். "இவருக்கு என்ன முடியாது" என்ற ஒரு கேள்வியே அவர்களின் முழு வாழ்க்கையையும் தீர்மானித்தது.

மாற்றம் முதலில் வடஐரோப்பாவில் வந்தது. இவர்களும் மற்றவர்களைப்போலச் சாதாரண வாழ்க்கை வாழவேண்டும் என்ற எண்ணம் 1959இல் டென்மார்க்கின் சட்டத்தில் இடம்பிடித்தது. 1969இல் சுவீடனைச் சேர்ந்த பெங்ட் நிர்யே இதை ஒரு கொள்கையாக விளக்கி எழுதினார். காலையில் எழும்புவது, வேலைக்குப் போவது, பெருநாள் கொண்டாடுவது, தானே தெரிவுசெய்வது எல்லாம் அதற்குள் அடங்கும். 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே மாநாடு கூடி, எங்களை முதலில் மனிதராகப் பாருங்கள் என்று கேட்டார்கள். நியூ சவுத் வேல்சில் 1983இல் வந்த றிச்மண்ட் அறிக்கை, பெரிய விடுதிகளை விட்டுச் சமூகத்துக்குள்ளேயே சேவை வழங்கச் சொன்னது.

அதே காலத்தில் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சாள்ஸ் றப் முதலானோர் மனநோயாளரிடையே வேறொரு வேலைமுறையைப் பரீட்சித்தனர். குறையை எழுதுவதை விட்டு, அந்த மனிதரின் விருப்பம், திறமை, உறவு, அயல் ஆகியவற்றிலிருந்து திட்டம் போடுவதே அந்த முறை. டெனிஸ் சாலிபி 1992இல் இதை நூலாகத் தொகுத்தார். பலத்தை முன்வைக்கும் சமூகப்பணி என்பது இதுதான். பிறகு இது அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான சேவைகளுக்கும் பரவியது.

இது வெள்ளைக்காரரின் புதுமை என்று நினைக்கவேண்டாம். சென்னையில் ஜெயச்சந்திரன், விமலா ஆகிய இருவரும் இதற்கு முன்னரே ஒரு மதிப்பீட்டு முறையை உருவாக்கியிருந்தார்கள். அதன் பெயர் மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை. 18 துறைகள், ஒவ்வொன்றிலும் 20 செயல்கள், மொத்தம் 360. சாப்பிடுவது, உடுப்பது, காசு எண்ணுவது, வீட்டுவேலை, ஊரில் நடமாடுவது என்று எல்லாம் அதில் உண்டு. இலகுவானதில் தொடங்கிக் கடினமானதுக்குப் போகும். ஒவ்வொரு வரியும் "செய்கிறார்" என்றே எழுதப்பட்டிருக்கும். பிள்ளை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த படியைப் பழக்குவதுதான் முறை. யாழ்ப்பாணத்திலும், போருக்கு நடுவே வந்த சமாதான காலத்தில், 2004இல் கோண்டாவிலில் ஆறு திருமுருகன் அவர்கள் சிவபூமி பாடசாலையை இந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார்.

இனி எங்கள் காரியத்துக்கு வருவோம். அவுஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம் (என்.டி.ஐ.எஸ்.) 2013இல் சட்டமானது. 65 வயதுக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த எம்மவர் வருஷக்கணக்காக இதற்கு வெளியே நின்றார்கள். 2023 பெப்ரவரியில் அவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. கிடைத்தவர்கள் இனித் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். இணைப்பு விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு எங்களை விட்டால் ஆர் இருக்கினம்?

விண்ணப்பத்தில் ஒரு சங்கடமும் உண்டு. உதவி கிடைக்க வேண்டுமென்றால் பிள்ளையால் எது முடியாது என்பதற்குத்தான் சான்று கேட்பார்கள். அதைக் கூச்சப்படாமல் முழுவதும் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் உதவியும் குறையும். மொழி தடையென்றால் 131 450இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஆனால் அந்தப் படிவம் அலுவலகத்துக்கு. அதையே பிள்ளையின் சாதகமாக எடுத்துக்கொண்டால், பரமட்டா மதிலை நாங்களே வீட்டுக்குள் கட்டினதாகப் போய்விடும்.

ஆகவே வீட்டில் இன்னொரு கொப்பி வைத்திருங்கள். தானே தேத்தண்ணி போட்டாள், பஸ் நம்பரைக் கண்டுபிடித்தான், தேவாரத்தின் ராகத்தைப் பிடித்தான் என்று திகதி போட்டு எழுதுங்கள். "எங்களுக்குப் பிறகு இவனை ஆர் பார்ப்பினம்?" என்பது ஒவ்வொரு தாய் தகப்பனையும் இரவில் நித்திரை கொள்ளவிடாத கேள்வி. நாளைக்கு அவனைப் பார்க்க வருகிறவருக்கு அவன் ஆர் என்று சொல்லப்போவது அந்தக் கொப்பிதான். அவனைத் தெரிந்த நாலு பேர் ஊருக்குள் இருக்கவும் வேண்டும். அறைக்குள் இருந்தால் ஆருக்குத் தெரியும்?

இந்த வருஷம் கைவிசேஷம் கொடுக்கிறபோது அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்தவர்களும் அவனுடைய பெயரைக் கேட்டு, அவனோடேயே கதையுங்கள்.