பெரும்பாணாற்றுப்படையும் ஹண்டியாவும்

பத்துப்பாட்டைப் பயில்வோர், பெரும்பாணாற்றுப்படையில் பாணனுக்கு வழிநெடுகக் கிடைக்கும் விருந்துகளை நயந்து படிப்பர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், வலைஞர் குடியிருப்பை அடையும் பாணன் ஒருவகைக் கள்ளைப் பெறுகிறான். அது பனையில் இறக்கியதன்று. வீட்டில் அரிசிகொண்டு ஆக்கியது. ஆக்கும் முறையையும் புலவர் சில அடிகளில் முறைபிறழாது உரைத்துள்ளார்.

தீட்டாத கொழியலரிசியைத் துழாவிக் களியாக்க வேண்டும், அதுவே துழவை. அகன்ற வாயுடைய பிழாவில் இட்டு ஆற்றி, ‘நல்லடை’ என்னும் ஒன்றைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். மேனாட்டார் வீடுகளில் பார்லியால் பீர் ஆக்குவதும் அடிப்படையில் இதுவே. தானியத்தின் மாவு முதலில் சர்க்கரையாக வேண்டும். பின்னரே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதனை மதுவாக மாற்றும். அரிசியில் அம்முதற்பணியைச் செய்தது எது?

முளையை இடித்துச் சேர்த்ததே நல்லடை என்பது நச்சினார்க்கினியர் உரை. முளைவிட்ட தானியம் மாவைச் சர்க்கரையாக்கும். பார்லி மால்ட்டும் முளைத்த தானியமே. ஆதலின் உரை பொருந்துவதே. ஆயினும் புலவர் கூறும் உவமை எம்மை நெடுநாள் உறுத்தியது. அவ்வடை, புற்றினுள் இருக்கும் குரும்பியை ஒத்ததாம். குரும்பியாவது புற்றாஞ்சோறு, கறையான்கள் பூஞ்சை வளர்க்கும் தோட்டம். துளைகள் நிறைந்து, வெண்மணிகள் அரும்பியிருக்கும். இடித்த முளைக்கு இத்தோற்றம் எங்ஙனம் வரும்?

விடை, யாம் பணிநிமித்தம் வந்து தங்கிய இச்சோட்டா நாகபுரியின் வாரச்சந்தையில் கிடைத்தது. முண்டா, ஹோ, உராவ், சந்தால் மகளிர் சோறாக்கிப் பரப்பி ஆற்றி, ‘ரானு’ என்னும் உருண்டையைப் பொடித்துத் தூவி, மண்பானையில் சில நாள் வைத்து, நீர் வார்த்துக் கையால் பிசைந்து வடிக்கின்றனர். இதுவே ஹண்டியா. அரிசிமாவுடன் காட்டு வேர்களையும் பட்டைகளையும் இடித்துப் பிசைந்து, வைக்கோலிட்டு உலர்த்தியது ரானு. அதனுள் பூஞ்சையும் ஈஸ்ட்டும் ஒருங்கே உறைகின்றன. மூதாட்டி ஒருவரிடம் ஓர் உருண்டை வாங்கி உடைத்துப் பார்த்தோம். வெண்மை பூத்து, துளை துளையாக, சிறுவயதில் ஊர்ப்புற்றில் கண்ட அதே சோறு!

நாட்பட்ட பண்டத்தைப் ‘பூத்துவிட்டது’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதில்லையா? நல்லடைக்குப் புலவர் தந்த ‘பூம்புறம்’ என்னும் அடையைப் பொலிவுடைய புறம் என்பதோடு, பூஞ்சை பூத்த புறம் என்றும் கொள்ள இடமுண்டு என்பது எம் கருத்து.

இதனால் உரையாசிரியரைக் குறைகூறினோம் அல்லோம். 14ஆம் நூற்றாண்டின் அப்பெரும்புலவர் வலைஞர் வீட்டுச் சாடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் தகாது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியது 1889இல். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் உரிமமின்றி மது ஆக்குவதைக் குற்றமாக்கியிருந்தது. 1937 அக்டோபர் முதல் நாள் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1983இல் மது விற்க அரசே வாணிபக் கழகம் தொடங்கியது. குடி ஒழியவில்லை. வீட்டில் ஆக்கும் உரிமையே ஒழிந்தது.

இங்கோ, பழங்குடியினர் தம் வீட்டுத் தேவைக்கு ஆக்கிக்கொள்ளச் சட்டம் இடம் விட்டது. சர்ஹுல் விழாவில் முன்னோர்க்கு முதலில் ஹண்டியாவையே படைக்கின்றனர். இதனால் கெட்ட குடும்பங்களும் உண்டு. சந்தையில் அலுமினியக் குண்டானுடன் அமர்ந்திருக்கும் பெண்களில் பலர் வேறு வருவாய் இல்லாமையாலேயே அமர்ந்துள்ளனர். இதனை மறைத்து ஹண்டியாவைப் புகழ எமக்கு மனமில்லை. ஆயினும் நம்மிடம் சொல்லாக மட்டும் எஞ்சியது, இங்கே கைப்பழக்கமாக வாழ்கிறது.

ரானுவில் சேரும் வேர்கள் எவை என்று அம்மூதாட்டியிடம் வினவினோம். அவர் நகைத்து, “அதை மகளுக்குத்தான் சொல்வோம்” என்றார்.