மும்மணி தியானம்

மும்மணி தியானம் என்பது பெரிய வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை கிறிஸ்தவ ஆலயங்களில் நடக்கும் தியான வழிபாடு. இயேசு சிலுவையில் தொங்கியபோது பேசியவையாக நற்செய்தி நூல்கள் தரும் ஏழு வார்த்தைகளே இதன் பொருள். சாம்பல் புதனில் தொடங்கிய தவக்காலம் இந்த மூன்று மணி நேரத்தில் உச்சம் தொடுகிறது. நண்பகலிலிருந்து மூன்று மணி வரை தேசமெங்கும் இருள் சூழ்ந்திருந்தது என்று மாற்கு எழுதியதே நேரக் கணக்குக்கு அடிப்படை.

ஏழு வார்த்தைகளும் ஒரே நூலில் இல்லை. லூக்கா மூன்றைத் தருகிறார், யோவான் வேறு மூன்றைத் தருகிறார். கைவிடப்பட்டவனின் கதறலாக ஒலிக்கும் நான்காம் வார்த்தை மட்டுமே மத்தேயுவிலும் மாற்கிலும் உண்டு. அதுவும் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். பகைவருக்கு மன்னிப்பு, உடன் தொங்கிய கள்வனுக்கு வாக்குறுதி, தாயைச் சீடனிடம் ஒப்படைத்தல், கதறல், தாகம், நிறைவேற்றம், உயிரைத் தந்தையிடம் ஒப்புவித்தல் என்ற வரிசை எந்த நற்செய்தியிலும் இல்லை. பின்னால் வந்தவர்கள் கோத்தது. ஆனாலும் நன்றாகக் கோத்தார்கள். முதல் மூன்றும் பிறரைப் பற்றியவை. தன் வேதனையைப் பற்றி இயேசு வாய் திறப்பது அவற்றுக்குப் பிறகுதான். இந்த வரிசையில் கேட்பவருக்கு அது உறைக்காமல் போகாது. 12ஆம் நூற்றாண்டில் போன்வால் மடத்து அர்னால்டும், 1618இல் கர்தினால் பெல்லார்மினும் இவ்வார்த்தைகளைப் பற்றித் தனி நூல்களே எழுதினார்கள்.

மூன்று மணி நேர வழிபாடாக இதற்கு வடிவம் தந்தவர் பெரு நாட்டின் லீமா நகரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி அலோன்சோ மெசியா. 1687 அக்டோபர் 20 அன்று நேர்ந்த நிலநடுக்கம் அந்நகரைச் சிதைத்தது. அந்த அழிவுக்குப் பின்பே இந்தப் பக்திமுயற்சி வேர்கொண்டது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஒரு வார்த்தை வாசிக்கப்படும், விளக்கம் தரப்படும், பிறகு முழந்தாளிட்டு அமைதி, பின்னர் பாட்டு. அந்த அமைதிதான் இதைச் சாதாரணப் பிரசங்கத்திலிருந்து பிரிக்கிறது. சொன்னதைக் கேட்டவர் தனக்குள் அசைபோட இடம் விட்டது மெசியாவின் மிகப் பெரிய கொடை. லீமாவிலிருந்து ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் அது பரவியது.

ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில், சாந்தா குவேவா என்னும் நிலத்தடிச் சிற்றாலயத்தில், அந்த அமைதியை இசையால் நிரப்ப விரும்பினார்கள். பணி ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனிடம் வந்தது. ஆலயத்தின் சுவர், சன்னல், தூண் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கைத் தொங்கவிட்டு, நண்பகலில் கதவுகளை அடைத்துவிடும் வழக்கத்தை அவரே பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். ஆயர் மேடையேறி ஒரு வார்த்தையைச் சொல்லி விளக்குவார், இறங்கி வந்து பீடத்தின் முன் முழந்தாளிடுவார், அந்த இடைவெளியில் இசை ஒலிக்கும். ஏறக்குறைய பத்து நிமிடம் நீளும் மெதுநடை இசைக்கோவைகள் ஏழு. கேட்பவர் சலிக்காதபடி அவற்றை அடுத்தடுத்து அமைப்பது எளிதாக இருக்கவில்லை என்றும் ஹைடன் எழுதினார். முடிவில் மட்டும் வேகமும் ஆவேசமும் வரும். இயேசு உயிர்விட்டபோது நேர்ந்ததாக மத்தேயு சொல்லும் நிலநடுக்கத்தின் இசை அது. லீமாவின் இடிபாடுகளை அறிந்தவருக்கு அந்தக் கடைசிப் பகுதி இரட்டை அதிர்வாகக் கேட்கும். 1787இல் முழுப் படைப்பையும் நான்கு தந்திக் கருவிகளுக்கும், 1796இல் பாடகர் குழுவுக்கும் ஹைடன் மாற்றி அமைத்தார். சொல் இல்லாமலே தியானம் நடத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலிக்கன் சபை மும்மணி தியானத்தை ஏற்றது. கத்தோலிக்கரிடமோ நிலைமை மாறியது. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வாரச் சடங்குகளைத் திருத்தி, காலையில் நடந்துவந்த பெரிய வெள்ளி வழிபாட்டைப் பிற்பகலுக்கு மாற்றியதும், மும்மணி தியானம் பல நாடுகளில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இயேசு சபையார் வளர்த்த பழக்கத்தை இன்று சீர்திருத்தச் சபைகள் பேணுகின்றன. சபைப் பிரிவுகளைத் தாண்டி வந்த இந்தச் சொத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஆங்கிலிக்கன் மரபின் வழியே வந்து, 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் இது நிலைபெற்றுள்ளது. ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவது வழக்கம்; குருவானவர் மட்டுமல்லாமல் ஆசிரியர், பெண்கள், இளைஞர் எனச் சபையாரும் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து நிமிடம், இடையே ஞானப்பாட்டோ கீர்த்தனையோ. பேச்சு நீண்டுவிட்டால் முதலில் பறிபோவது நடுவிலுள்ள அமைதிதான். மெசியாவின் அமைப்பு குலைவது அந்த இடத்தில் என்பதால் நேரக் கட்டுப்பாட்டை அற்பமாக எண்ண முடியாது. ஏழாம் வார்த்தை முடிந்ததும் கூட்டம் மெல்லக் கலையும். சில ஊர்களில் ஆலய வளாகத்திலேயே கஞ்சி ஊற்றுவார்கள். காலையிலிருந்து உண்ணாதவர்கள் அதைக் குடித்து உபவாசத்தை முடிப்பார்கள்.