மாட்டிறைச்சியும் மக்கள் அச்சமும்

1990ஆம் ஆண்டு மே மாதம். பிரிட்டனின் வேளாண்மை அமைச்சர் ஜான் கம்மர், நிழற்படக் கருவிகளின் முன்னே தம் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஒன்றை நீட்டினார். அங்காடி இறைச்சியை அஞ்சாது உண்ணலாம் என்று நாட்டுக்கு உணர்த்துவதே அவர் கருத்து. அந்தக் காட்சியை மக்கள் பின்னாளில் கசப்போடு நினைவுகூர நேர்ந்தது.

மாட்டின் மூளையைக் கடற்பஞ்சு போல் துளைத்துவிடும் புது நோய் ஒன்று 1986இல் அங்கே இனங்காணப்பட்டது. இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் பொடியாக்கி, புல் தின்னும் மாட்டுக்கே தீவனமாக்கியதால் அது பரவியது. 1988இல் அத்தீவனம் தடை செய்யப்பட்டது. மூளை, தண்டுவடம் முதலியன மனித உணவில் சேரக் கூடாதென 1989இல் விதி பிறந்தது. ஆயினும் முதுகெலும்பிலிருந்து இயந்திரத்தால் வழித்தெடுத்த துணுக்குகள் மலிவான இறைச்சிப் பண்டங்களில் கலந்து வந்தன. 1995 இறுதியில்தான் அதற்கும் தடை வந்தது.

1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டாரல், பத்து மனிதர்களைப் பற்றிய மூளை நோய்க்கும் மாட்டு நோய்க்கும் தொடர்பிருக்கக் கூடும் என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மறுகணமே நம்பிக்கை அச்சமாக மாறியது. இலட்சக்கணக்கானோர் மாள்வர் என்ற கணிப்புகளும் எழுந்தன.

உண்மை எங்கே நின்றது? நோயுற்றதாக உறுதியான மாடுகள் 1,80,000க்கும் மேல். பிரிட்டனில் அந்நோயால் இறந்த மனிதர் 178 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர். பெருங்கொள்ளை நோய் வரவில்லை. நோய்க்கூறு மூளையிலும் தண்டுவடத்திலுமே செறிந்திருந்தது. பாலைக் குறித்த அச்சம் மெய்ப்படவில்லை. அதே வேளையில், நன்கு வேகவைத்தால் போதும் என்ற ஆறுதலும் பொய்யே. சமையல் வெப்பத்துக்கு அது அழிவதில்லை.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த பிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு பொய்யுரைக்கவில்லை என்றது. மக்கள் வீணே அஞ்சுவரோ என்னும் கவலையே ஆட்சியாளரை ஆட்கொண்டிருந்தது எனவும் சுட்டியது. அறிந்ததையும் அறியாததையும் ஒருங்கே சொல்லியிருந்தால், மக்கள் ஓரளவு அஞ்சியிருப்பர்; ஆயினும் நம்பியிருப்பர் அன்றோ? உணவைப் பற்றிய வதந்தி நம் வீட்டு வாயிலுக்கு வரும்போதும் கேட்க வேண்டியவை இவையே: எந்த உறுப்பு, எந்தத் தீவனம், எவர் சோதித்தார்?